புதுக் கார் கேட்ட நான்கு இலட்சம்

2022 மார்ச் 3ஆம் திகதி. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அம்மாவின் கிளினிக்கை முடித்துக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பளையைத் தாண்டி ஆனையிறவு வெளிக்குள் வந்தபோது காரின் முகப்பில் நான்கைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தன. நடுவில் ஒரு சிவப்பு முக்கோணம். அதற்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி. நான்கு வருடமாக ஓட்டுகிற வாகனம் முதல்தடவையாக என்னிடம் ஏதோ சொல்கிறது, அதை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

நிறுத்தி இறங்கி பொனெற்றைத் திறந்தேன். திறந்து எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்ப மூடினேன். அம்மா பின் சீற்றில் சாய்ந்தபடியே "என்ன மோனை?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அம்மா, சூடாகிட்டுது" என்றேன். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி ஸ்ரார்ட் செய்தபோது ஓடியது. 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று மாலையே, காரை வாங்கிய காலத்தில் விற்பனை நிலையம் சிபாரிசு செய்த கராஜுக்குக் கொண்டுபோனேன். ஸ்கானரைப் பொருத்தி இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னார்கள். ஹைபிரிட் பற்றறி முடிந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும், ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பற்றறி 385,000 ரூபா, புதிது என்றால் அதைவிட மிக அதிகம். லீசிங்கில் இன்னும் 15 மாதத் தவணை மீதம் இருந்தது. மாதம் 38,500 ரூபா.

நாங்கள் 'புதுக் கார்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கையில் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குப் புதுக் கார் என்பது பதிவு செய்யப்படாத கார். ஜப்பானில் ஒருவர் ஒன்றிரண்டு வருடம் ஓட்டி, ஏலத்தில் விட்டு, அங்கிருந்து கப்பலில் வந்து, இங்கே முதல்தடவையாக இலக்கத் தகடு பெறுகிற வாகனம் அது. என்னுடையது 2016இல் தயாரிக்கப்பட்டது. 2018 ஜூன் மாதம் கொழும்பில் வாங்கியபோது மீற்றரில் 31,000 கிலோமீற்றர் இருந்தது. சீற்றுகளில் பொலித்தீன் உறை, உள்ளே புது வாசம். தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த கார். ஆகவே எனக்கு அதன் வயது 2018இல் இருந்துதான் தொடங்கியது. பற்றறிக்கு அது 2016இல் தொடங்கிவிட்டது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

உத்தரவாதப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். ஒரு வருடம் அல்லது 20,000 கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அது 2019இலேயே முடிந்திருந்தது. ஜப்பானியக் கம்பனி தன் நாட்டில் விற்ற வாகனத்துக்கு அந்த நாட்டுக்குள் கொடுக்கும் உத்தரவாதம், வேறு வழியாக இறக்குமதியாகி வந்த வாகனத்தோடு கடல் தாண்டி வருவதில்லை. உள்ளூர் முகவருக்கும் அவர் இறக்காத வாகனத்துக்குப் பொறுப்பில்லை.

அடுத்து காப்புறுதி. 'ஃபுல் இன்சூரன்ஸ்' போட்டிருக்கிறேனே என்று தொலைபேசியில் கேட்டேன். இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் என்று அந்தப் பெண் பிள்ளை மரியாதையாகச் சொன்னார். முழுக் காப்புறுதி என்பது விபத்து, களவு, தீ போன்றவற்றுக்கானது. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது எல்லாம் வழக்கமாகவே விலக்கப்பட்டவை. பத்திரத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருந்தது. வருடா வருடம் புதுப்பித்து வந்த பத்திரம், நான்கு வருடத்தில் ஒருநாளும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆக, செலவு முழுவதும் என் தலையில். ஒரு கிழமை அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன். அந்த ஒரு கிழமைக்குள் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைப் பிடித்து வைத்திருந்த கையைத் தளர்த்தியது. 203 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மாத முடிவில் 300ஐ நெருங்கியது. திரும்பப் போனபோது அதே பற்றறி 490,000 ரூபா. "அண்ணை, அடுத்த கிழமை வந்தா இந்த விலையும் இருக்காது" என்று அங்கே நின்ற பெடியன் சொன்னான். அவன் பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொன்னான்.

பெரிய செலவு என்றால் உடனே சம்மதிக்காதே, இன்னொருவரிடம் கேள் என்பது எல்லோரும் சொல்லும் புத்தி. அந்த மார்ச் மாதத்தில் யோசித்த ஒவ்வொரு நாளுக்கும் விலை இருந்தது. மனைவி தன் காப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அடகு வைக்கிறதெண்டா நாளைக்கே வையுங்கோ" என்றாள். பவுன் விலையும் ஏறிக்கொண்டிருந்தபடியால் முன்னைவிடக் கூடக் காசு கிடைக்கும் என்பது அவளுடைய கணக்கு. கணக்கு சரிதான். ஆனாலும் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. இரண்டு நிமிடம் ஸ்கான் செய்து சொன்ன பதிலுக்கு ஐந்து இலட்சமா? பழுதாகிப்போனது எது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. ஒரு இலக்கத்தைத்தான் காட்டினார்கள்.

நண்பர் ஒருவர் வவுனியாவில் ஒரு கராஜைச் சொன்னார். அதன் உரிமையாளர் கொழும்பில் பல வருடம் ஹைபிரிட் வாகனங்களில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவர், அறுபதை நெருங்கிய மனிதர். முதல் அவர் செய்த வேலை, 12 வோல்ற் சின்னப் பற்றறியை மீற்றர் வைத்துப் பார்த்தது. ஹைபிரிட் காரில் இரண்டு பற்றறிகள் உண்டு. சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ற் பற்றறிதான் கணினிகளையும் விளக்குகளையும் எழுப்புகிறது. அது சோர்ந்தாலும் முகப்பில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் பலவும் எரியும். ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் காட்டினால் நல்லது. என்னுடையது நன்றாக இருந்தது. சில பேருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

"அங்க ஸ்கான் பண்ணிப்போட்டு P0A80 எண்டு வந்ததெல்லோ சொன்னவை?" என்று கேட்டார். தலையாட்டினேன். "தம்பி, கோட் சொல்லுறது வருத்தத்தின்ர பேரை மட்டும்தான். எந்த இடத்தில நோகுதெண்டு நாங்கள்தான் தேடவேணும். மாத்தச் சொன்னவையும் பிழையாச் சொல்லேல்லை. தேடேல்லை, அவ்வளவுதான்."

பிறகு அவர் காட்டியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். என்னுடைய காரில் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் பெரிய பற்றறி ஒரே துண்டு இல்லை. 20 மொடியூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், எல்லாம் தொடராக இணைந்து 144 வோல்ற். காரின் கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கண்காணிக்கிறது. ஒரு சோடி மற்றச் சோடிகளைவிட அதிகமாகத் தளர்ந்தால், முழுப் பற்றறியையும் மாற்று என்ற பொருளில் அந்தக் கோட் விழுகிறது. அவர் ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு என்னை வண்டியை ஓட்டச் சொன்னார். ஏற்றத்தில் அழுத்தியபோது ஒன்பது சோடிகள் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்க, ஒன்று மட்டும் சடாரென்று கீழே விழுந்தது. நடுப்பகுதிச் சோடி. நடுவில் இருப்பவைதான் பெரும்பாலும் முதலில் போகும், அங்கேதான் சூடு தங்குகிறது என்றார்.

சூடு ஏன் தங்கியது? அதற்கான பதில்தான் எனக்கு மிகவும் நொந்தது. அந்தப் பற்றறியைக் குளிர்விப்பது காரின் உள்ளே இருக்கிற காற்று. பின் சீற்றின் ஓரத்தில் ஒரு சிறிய துவாரம் வழியாக ஒரு விசிறி அதை உறிஞ்சி எடுக்கிறது. அந்தத் துவாரத்தை என் காரில் கண்ணால் காண முடியவில்லை. முதலில் அதை மூடியிருந்தது, சீற் பழுதாகக்கூடாது என்று நான் கழற்றாமல் விட்டிருந்த பொலித்தீன் உறையும் அதற்கு மேலே போட்ட சீற் கவரும். அதற்கும் மேலே, கிளினிக் போகும் நாட்களில் அம்மா சாய்ந்துகொள்ள வைத்த தலையணை. விசிறியைக் கழற்றியபோது அதன் இறக்கைகளில் கிறவல் தூசும் பஞ்சும் தடிப்பாக அப்பியிருந்தன. எங்களூர் உள் வீதிகளின் செம்மண் அது. மேலதிகமாக, 2020 ஊரடங்குக் காலத்தில் வண்டி வாரக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறது. இந்த வகைப் பற்றறி சும்மா நின்றாலும் மெல்ல மெல்ல மின்னை இழக்கும், எல்லா மொடியூலும் ஒரே அளவில் இழக்காது. அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே வளரும்.

இதையெல்லாம் விற்றவர் சொல்லவில்லை. நான்கு வருடமாக எண்ணெய் மாற்றிய இடத்திலும் சொல்லவில்லை. கையேடு ஜப்பானிய மொழியில். விசிறியைத் துப்புரவாக்குவதற்கு எடுத்த நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

(வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். உறையை அகற்றலாம், துவாரத்தின் வாயில் உள்ள தூசைத் துடைக்கலாம். செம்மஞ்சள் நிற வயரும் அதற்கு அப்பால் உள்ளவையும் உயிரை எடுக்கக்கூடியவை. அதைத் தெரிந்தவர்தான் திறக்க வேண்டும்.)

அவர் மூன்று வழிகளை விலையோடு ஒரு தாளில் எழுதித் தந்தார். பழுதான சோடியை மட்டும் மாற்றி மற்றவற்றைச் சமப்படுத்துவது ஒன்று. பாவித்த முழுப் பற்றறி அடுத்தது. புதிய கலங்கள் போட்ட முழுப் பற்றறி மூன்றாவது. முதலாவது வழி எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டேன். "ஆறு மாசமும் தாங்கும், ரெண்டு வருசமும் தாங்கும். மிச்சம் பதினெட்டும் அதே வயசுதானே. நான் மூண்டு மாசத்துக்குத்தான் எழுதித் தருவன்" என்றார். பாவித்த பற்றறியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் யாரோ ஒருவருடைய காரில் இதே வருடங்களைக் கழித்ததுதான், பழசைக் கொடுத்துப் பழசை வாங்குவதற்கு ஐந்து இலட்சம் எதற்கு என்றார். அவர் சொன்னதில் என்னை அவரை நம்ப வைத்தது அந்த மூன்று மாதம்தான். கொழும்பில் தொலைபேசியில் விசாரித்த ஒருவர் வாயால் இரண்டு வருடம் சொன்னார். எழுத்தில் தருவீர்களா என்றதும் இணைப்பு தெளிவில்லாமல் போய்விட்டது.

முதலாவது வழியைத் தெரிந்தேன். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை ஒன்பது நாள் எடுத்தது. மொடியூல்களை ஒவ்வொன்றாக மின்னேற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிச் சமப்படுத்த வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் தொடக்கத்தில் இருந்து. அந்த மாதம் மின்வெட்டு நாளாந்தம் நீண்டுகொண்டே போய், மாத முடிவில் 13 மணித்தியாலம் வரை வந்தது. ஜெனரேற்றருக்கு எரிபொருள் வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு ஓட்டோவும் பஸ்ஸுமாகப் போய்வந்தோம். வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் படுக்கையில் இருந்து எழும்பவும் இல்லை.

மொத்தம் 74,000 ரூபா. இரண்டு மொடியூல் 36,000, கூலியும் சமப்படுத்தலும் 25,000, விசிறியும் துருப்பிடித்த இணைப்புத் தகடுகளைச் சுத்தம் செய்ததும் 9,500, முதல்நாள் பரிசோதனை 3,500. இப்படிப் பிரித்து எழுதிய பில்லை வாங்கினேன். கழற்றிய இரண்டு மொடியூல்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்று பக்கவாட்டில் வீங்கியிருந்தது. காப்பு அடகுக்குப் போகவில்லை.

பில் விடயத்தில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் பழுதானால் அதிகார சபைக்கு முறையிடலாம். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால், முறைப்பாடு எழுத்தில், விற்பனையோ சேவையோ நடந்த 3 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய காருக்கு இதனால் பயனில்லை. திருத்த வேலைக்கு நல்ல பயன் உண்டு, நேற்று மாற்றிய பாகம் இன்று பழுதானால் உங்கள் கையில் இருக்க வேண்டியது பில்தான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மாவட்டச் செயலகங்களிலும் அவர்களுடைய அலுவலகம் உண்டு. தெரிந்த கராஜ்தானே என்று பில் கேட்கக் கூச்சப்படுவது எங்கள் ஆட்களின் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சோடி மாற்றிய பற்றறி 17 மாதம் தாங்கியது. அதில் 2022 ஜூலைக்குப் பிந்திய மாதங்கள் கியூஆர் அட்டைக் காலம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், அதற்குள் கிளினிக், மனைவியின் பாடசாலை எல்லாம். ஓட்டம் இல்லாத கிழமைகளில் முற்றத்திலேயே அரை மணித்தியாலம் ஸ்ரார்ட்டில் விட்டேன். அயலட்டை பெற்றோலை வீணாக்குகிறான் என்று பார்த்தது.

2023 ஆகஸ்டில் அதே சிவப்பு முக்கோணம் மறுபடி எரிந்தது. இந்தத் தடவை வேறு மூன்று சோடிகள் சேர்ந்து தளர்ந்திருந்தன. இனி ஒட்டுப் போடுவதில் பிரயோசனமில்லை என்று அவரே சொன்னார். புதிய கலங்கள் போட்ட பற்றறியை 445,000 ரூபாவுக்கு மாற்றினேன், இரண்டு வருட உத்தரவாதம் எழுத்தில். லீசிங் ஜூன் மாதத்தோடு முடிந்திருந்ததால் மூச்சு விட இடம் இருந்தது. பாதிக் காசு கையில் இருந்தது, மீதி கூட்டுறவுச் சங்கக் கடன்.

இப்போது கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பார்கள், 2022 மார்ச் 3ஆம் திகதியே 385,000 ரூபாவைக் கொடுத்திருந்தால் இலாபம் அல்லவா என்று. என் மைத்துனர் கேட்டுவிட்டார். 74,000உம் 445,000உம் சேர்ந்தால் 519,000. வெறும் கூட்டல் கழித்தலில் 134,000 ரூபா கூட. ஆனால், அன்றைக்கு அந்தப் பணம் என்னிடம் இல்லை, கடன்தான் வாங்கியிருப்பேன். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. அதற்குப் பிறகு அடகும் கடனும் எங்கே போயின என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு அந்த விலைக்குக் கிடைத்திருப்பது பாவித்த பற்றறி. தூசு அடைத்த அதே விசிறிக்குக் கீழே அதைப் பொருத்தியிருப்பார்கள். எத்தனை மாதம் ஓடியிருக்கும்? மைத்துனரை இதனால் முழுதாகச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. எனக்கும் இரவில் சில வேளை அந்த 134,000 நினைவுக்கு வரும்.

ஐந்து வருடத்துக்கு நெருங்கிய தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. விலைகள் நான் வாங்கிய காலத்தோடு ஒப்பிட முடியாத உயரத்தில். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு புது ஹைபிரிட்கள் வந்துவிட்டன. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து நிறத்தையும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதையும் பற்றிக் கதைக்கிறார்கள். நான் கேட்பதெல்லாம் வேறு. ஜப்பான் ஏலத்தில் கொடுத்த பரிசோதனைத் தாளை, செசி இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தீர்களா? அதில் உள்ள கிலோமீற்றரும் இப்போதைய மீற்றரும் பொருந்துகின்றனவா? முற்பணம் கட்டுவதற்கு முன் பற்றறியின் சோடிகளை ஓட்டத்தில் ஸ்கான் செய்து பார்க்க விடுவார்களா? விடமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்.

உத்தரவாதத்தில் வருடக் கணக்கை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. யார் தருகிறார்? விற்பவரா, இறக்குமதியாளரா, முகவரா? பழுதானால் வண்டி எங்கே போக வேண்டும்? கிளிநொச்சியில் நின்றுபோன காரைக் கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது? இங்கே உள்ளூரில் சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் செல்லாமல் போகுமா? எனக்குத் தெரிந்த ஒருவருடைய மூன்று வருட உத்தரவாதம், ஒவ்வொரு சேர்விஸுக்கும் கொழும்பு போக வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. இரண்டாவது சேர்விஸை யாழ்ப்பாணத்தில் செய்ததோடு அது முடிந்தது. வடக்கில் இருந்து வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

லீசிங் முடிந்ததில் இருந்து மாதம் 10,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். ரயர், சொக்கப்சோபர் எல்லாம் அதில் இருந்துதான். மனைவி அதைக் 'காரின்ர சீட்டு' என்கிறாள். தவணை கட்டிய காலத்திலும் ஒரு மூவாயிரத்தையாவது ஒதுக்கியிருக்கலாம். புதுக் காருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன்னுடைய புதுக் காரைக் கொண்டுவந்து காட்டினான். 2023 தயாரிப்பு. பின் கதவைத் திறந்தேன். சீற்றில் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. "தம்பி, கோவிக்காதை" என்று சொல்லிவிட்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.